‘நெக்ஸ்ட்’ பொத்தானின் விலை

கொள்ளேகாலில் ஒரு வீட்டுக் கணினி மூன்று மொழிகளில் உழைக்க வேண்டியிருக்கிறது. தாலுகா அலுவலகத்துக்கு மனு கன்னடத்தில் போக வேண்டும். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் என்றால் காதுகுத்துப் பத்திரிகை தமிழில் அடிக்க வேண்டும். கணினியின் திரையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசும். 1956 நவம்பர் 1 வரை இந்தத் தாலுகா கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது மைசூர் மாவட்டத்துக்குப் போனது. 1997இல் சாமராஜநகர் மாவட்டம் உருவானபோது அதற்குள் வந்தது. பட்டுச் சேலை வாங்க வருகிறவர்களோடு கடைக்காரர்கள் இரண்டு மொழியிலும் பேரம் பேசுகிற ஊர்.

அப்படிப்பட்ட ஊரில் கணினி வந்த கையோடு தேடல் தொடங்கிவிடும். கன்னட எழுத்துரு, தமிழ் விசைப்பலகை, பிடிஎஃப் கோப்புகளை இணைக்க ஒன்று, பாஸ்போர்ட் அளவுக்குப் படத்தை வெட்ட ஒன்று, பாட்டு இறக்க ஒன்று. எல்லாத் தேடலின் வாலிலும் ‘ஃப்ரீ டவுன்லோடு’ என்று சேர்த்தே தட்டச்சு செய்கிறோம். வந்து சேரும் பக்கத்தில் பச்சை நிறத்தில் நான்கைந்து டவுன்லோடு பொத்தான்கள் இருக்கும். ஒன்றுதான் நிஜம், மற்றவை விளம்பரங்கள். அதைச் சரியாகக் கண்டுபிடித்து அழுத்தினாலும் வேலை முடியாது. நிறுவும் சன்னலில் ‘எக்ஸ்பிரஸ்’ என்ற வழி பெரிதாக, ஏற்கெனவே தேர்வு செய்யப்பட்டு நிற்கும். ‘கஸ்டம்’ என்ற வழி மங்கிய சாம்பல் நிறத்தில் ஒதுங்கிக் கிடக்கும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ, ஃபினிஷ். கேட்ட எழுத்துரு வந்துவிட்டது. கூடவே ஒரு தேடல் பட்டை, கணினியை வேகமாக்குவதாகச் சொல்லும் ஒரு மென்பொருள், தள்ளுபடி காட்டும் ஒரு எக்ஸ்டென்ஷன் ஆகியவையும் வந்துவிட்டன.

இவற்றுக்குத்தான் ஆட்வேர் என்று பெயர். வைரஸ் திருடனைப் போல வரும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆட்வேர் அப்படி வருவதில்லை, நம் விரலாலேயே உள்ளே வருகிறது. பெரும்பாலும் கோப்பு எதையும் அழிக்காது, பணம் கேட்டு மிரட்டாது. பிரவுசரின் முகப்புப் பக்கத்தை மாற்றும். தேடலை வேறு தளத்துக்குத் திருப்பும். விளம்பரமே இல்லாத பக்கங்களில் விளம்பரம் செருகும். எந்தப் பக்கத்தைப் பார்த்தோம் என்று குறித்து அனுப்பும். இதனால்தான் பல வீடுகளில் ‘நெட் ஸ்லோ’ என்ற புகாரோடு மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு நெக்ஸ்ட் அழுத்தியவர்மேல் பழியைப் போட்டுவிடுவது எளிது. அது நியாயம் இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்த நெக்ஸ்ட் பொத்தானுக்குப் பின்னால் விலைப்பட்டியலோடு ஒரு சந்தை இயங்குகிறது. கூகுளின் ஆய்வாளர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2016இல் அந்தச் சந்தையை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஒரு கணினியில் தன் மென்பொருள் ஒருமுறை நிறுவப்பட்டால், விளம்பர நிறுவனம் இடைத்தரகருக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கும். நாட்டைப் பொறுத்து அது 10 சென்ட்டிலிருந்து ஒன்றரை டாலர் வரை இருந்தது. இடைத்தரகர் அதில் ஒரு பங்கை இலவச மென்பொருள் வைத்திருக்கும் தளத்துக்குக் கொடுப்பார். கூகுளின் பாதுகாப்பு அமைப்பு அப்போது வாரத்துக்கு 6 கோடிக்கும் அதிகமான எச்சரிக்கைகளை இந்த வகைப் பதிவிறக்கங்களுக்காகவே காட்டிக்கொண்டிருந்தது. வைரஸ் வகைகளுக்குக் காட்டியதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அது.

சந்தை என்றதும் மூலையில் ஒளிந்திருக்கும் தளங்களை மட்டும் நினைக்க வேண்டாம். 2011 டிசம்பரில், வலைப்பின்னல்களைச் சோதிக்கும் ‘என்மேப்’ என்ற புகழ்பெற்ற இலவச மென்பொருளை உருவாக்கிய கோர்டன் லியோன் பகிரங்கமாகக் கொதித்தெழுந்தார். அந்தக் காலத்தில் உலகமே நம்பிய சிநெட் நிறுவனத்தின் டவுன்லோடு தளம், அவருடைய மென்பொருளை வேறொரு நிறுவியில் பொதிந்து, தேடல் பட்டை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. எழுதியவருக்கே தெரியாமல் அவர் பெயரில் ஆட்வேர் விநியோகம் ஆனது. கணினித் துறையில் பழுத்தவர்கள் போய்வந்த தளத்தின் நிலையே இது என்றால், ஆங்கில ஒப்பந்தத்தை வாசிக்க முடியாத வீட்டுக்காரரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இந்தச் சந்தையில் இந்தியா எவ்வளவு பெரிய சரக்கு என்பது 2017 ஜூன் மாதம் வெளிச்சத்துக்கு வந்தது. இஸ்ரேலின் செக் பாயிண்ட் நிறுவனம் ‘ஃபயர்பால்’ என்று பெயரிட்டு ஓர் ஆட்வேரைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. உலகம் முழுவதும் 25 கோடிக் கணினிகள் பாதிக்கப்பட்டதாகவும், அவற்றில் 2.5 கோடிக்கு மேல் இந்தியாவில் இருப்பதாகவும் அது சொன்னது. நாடுகளின் வரிசையில் முதல் இடம் நமக்கு, அடுத்தது பிரேசில். இதை இயக்கியது பெய்ஜிங்கில் உள்ள ரஃபோடெக் என்ற டிஜிட்டல் விளம்பர நிறுவனம். ‘டீல் வைஃபை’, ‘மஸ்டாங் பிரவுசர்’ போன்ற இலவச மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வந்து, முகப்புப் பக்கத்தையும் தேடல் பொறியையும் போலித் தேடல் தளத்துக்கு மாற்றும். அந்தத் தளம் நாம் கேட்டதை யாகூவுக்கோ கூகுளுக்கோ கைமாற்றி விடையை வாங்கித் தரும். நமக்கு விடை கிடைத்துவிடுவதால் சந்தேகமே வராது. இடையில் நின்று ஒவ்வொரு தேடலிலும் காசு பார்ப்பதோடு, கண்ணுக்குத் தெரியாத சிறு படப்புள்ளிகளை வைத்து நம்மைப் பின்தொடரவும் செய்யும்.

மைக்ரோசாஃப்ட் அந்த எண்ணிக்கையை ஏற்கவில்லை. போலித் தேடல் தளங்களுக்கு வந்தவர்களை எண்ணி அவர்கள் அனைவருடைய கணினியும் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டால் தொகை ஊதிப் பெருகிவிடும் என்றது. அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால், எனக்கு எண்ணிக்கையைவிட முக்கியமாகப் படுவது செக் பாயிண்ட் சொன்ன இன்னொரு செய்தி. விளம்பரம் காட்டுவதோடு, அந்தக் கணினியில் எந்த நிரலையும் இறக்கி ஓட்டும் வசதியும் ஃபயர்பாலுக்குள் இருந்தது. இன்று விளம்பரம் காட்டுகிற கதவு வழியாக நாளைக்கு எதுவும் வரலாம். அந்த ஆண்டே பெய்ஜிங் போலீசார் ரஃபோடெக் ஊழியர்கள் சிலரைக் கைது செய்தார்கள்.

விளம்பரத்துக்காக வைத்த கதவு எவ்வளவு அகலமாகத் திறந்துவிடும் என்பதற்கு இன்னும் கடுமையான உதாரணம் ‘சூப்பர்ஃபிஷ்’. 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2015இன் தொடக்கத்திலும் விற்ற சில லெனோவோ மடிக்கணினிகளில் இது தொழிற்சாலையிலேயே நிறுவப்பட்டு வந்தது. வங்கித் தளங்கள் பூட்டுச் சின்னத்தோடு பாதுகாப்பாகத் திறக்கும் அல்லவா? அந்தப் பூட்டப்பட்ட பக்கங்களிலும் விளம்பரம் செருக வேண்டும் என்பதற்காக, சூப்பர்ஃபிஷ் தன்னையே ஒரு சான்றிதழ் வழங்கும் அதிகாரியாகக் கணினிக்குள் பதிந்துகொண்டது. கொள்ளேகால் கடைகளில் அசல் பட்டுக்கு சில்க் மார்க் வில்லை இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறோம். 2004இல் மத்தியப் பட்டு வாரியம் தொடங்கிய முறை அது. அந்த வில்லையை அச்சடிக்கும் எந்திரத்தையே ஒவ்வொரு வாடிக்கையாளர் வீட்டிலும் வைத்து, எல்லா எந்திரங்களுக்கும் ஒரே சாவி போட்டால் என்ன ஆகும்? சூப்பர்ஃபிஷ் செய்தது அதைத்தான். எல்லா மடிக்கணினியிலும் ஒரே ரகசியச் சாவி. 2015 பிப்ரவரியில் ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அதன் கடவுச்சொல்லைச் சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். அந்தச் சாவி கையில் இருந்தால், பொது வைஃபையில் அருகில் உட்கார்ந்திருப்பவர் போலி வங்கிப் பக்கத்துக்கும் பச்சைப் பூட்டு போட்டுக் காட்டலாம். லெனோவோ அதை நீக்கும் கருவியை வெளியிட்டது. 2017 செப்டம்பரில் அமெரிக்காவின் 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இனி நீக்கும் வேலைக்கு வருவோம். ஆட்வேரைத் துரத்துவதில் மக்கள் தோற்பது ஒரே காரணத்தால்தான்: அது ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை. கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அழித்துவிட்டு நிம்மதியாக இருப்போம். மறுநாள் காலை அது திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும்.

முதலில் புகைப்படம், ஆவணம் போன்றவற்றை வெளி டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவும் கோப்புகளை எடுக்க வேண்டாம். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் நிறுவப்பட்ட ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். பெயர் வாரியாகப் பார்த்தால் எது நல்லது, எது கெட்டது என்று புரியாது. தேதி காட்டிக்கொடுத்துவிடும். தொல்லை தொடங்கிய நாளில், நீங்கள் நிறுவியது ஒன்றே ஒன்று. பட்டியலில் அதே தேதியில் நான்கு பெயர்கள் இருந்தால் மற்ற மூன்றும் ஒட்டிக்கொண்டு வந்தவையாக இருக்கலாம். நீக்கும்போதும் கவனம் வேண்டும். ‘பாதுகாப்பை இழக்கப் போகிறீர்கள், தொடரட்டுமா?’ என்று பயமுறுத்தி, ‘வைத்துக்கொள்’ என்பதைப் பெரிய பொத்தானாகக் காட்டுவார்கள்.

அடுத்தது பிரவுசர். எக்ஸ்டென்ஷன் பட்டியலில் நீங்கள் தெரிந்து சேர்க்காத எதையும் எடுத்துவிடுங்கள். முகப்புப் பக்கத்தையும் தேடல் பொறியையும் சரிசெய்யுங்கள். குரோமின் மெனுவில் ‘உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது’ என்ற பொருளில் ஆங்கில வரி தெரிகிறதா என்று பாருங்கள். அலுவலகக் கணினியில் அது இயல்பு. வீட்டுக் கணினியில் தெரிந்தால், ஏதோ ஒரு மென்பொருள் தன்னை உங்கள் முதலாளியாக நியமித்துக்கொண்டிருக்கலாம். அந்தக் கட்டுப்பாட்டை வைத்துத்தான் சில எக்ஸ்டென்ஷன்கள் நீக்க முடியாதபடி பூட்டப்படுகின்றன. நாம் விலைக்கு வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸாலும் அந்த வரி வரக்கூடும் என்பதால், பார்த்ததும் பதற வேண்டாம்.

பிரவுசரின் குறுக்குவழிச் சின்னத்தையும் வலது சொடுக்கி ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்து பாருங்கள். ‘டார்கெட்’ என்ற கட்டத்தில் நிரலின் பெயருக்குப் பின்னால் ஏதாவது வலை முகவரி ஒட்டியிருந்தால் அதை அழித்துவிடுங்கள். முகப்புப் பக்கத்தை எத்தனை தடவை மாற்றினாலும் பழைய தளமே திறப்பதற்கு இந்த எளிய தந்திரம் காரணமாக இருப்பதுண்டு. நெட்வொர்க் அமைப்பில் ‘ப்ராக்சி’ இயக்கத்தில் இருந்தால், நீங்கள் வைக்காததாக இருக்கும்பட்சத்தில், அணைத்துவிடுங்கள். மறுநாள் காலை திரும்பி வருகிற ரகம் பெரும்பாலும் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்ற இடத்தில் பதிந்திருக்கும். குறித்த நேரத்தில் குறித்த நிரலை ஓட்டு என்று விண்டோஸுக்குக் கட்டளையிடும் இடம் அது. அது திரும்பி வர இன்னொரு வழியும் உண்டு. கூகுள் கணக்கில் ‘சிங்க்’ போட்டிருந்தால், இங்கே நீக்கிய எக்ஸ்டென்ஷன் வீட்டில் உள்ள இன்னொரு கணினியிலிருந்து மறுபடியும் இறங்கிவரக்கூடும். இரண்டையும் ஒரே நாளில் சுத்தம் செய்ய வேண்டும்.

இத்தனை இடத்தையும் கையால் துழாவுவது எல்லோராலும் ஆகாது. அதற்காகவே பிறந்தது ‘ஆட்வ்கிளீனர்’. 2011இல் பிரான்சைச் சேர்ந்த, எக்ஸ்ப்ளோட் என்ற புனைபெயர் கொண்ட ஒருவர் எழுதினார். 2016இல் மால்வேர்பைட்ஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. இன்றும் இலவசம். நிறுவவே தேவையில்லை, கோப்பை இறக்கி அப்படியே ஓட்டலாம். ஆனால், மால்வேர்பைட்ஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுங்கள். இதே பெயரில் பணம் பறிக்கும் போலிகள் உலவியிருக்கின்றன. அதன் பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் முழுச் சோதனை ஒன்றும், ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ ஒன்றும் போடுங்கள். இந்திய அரசும் 2017 பிப்ரவரி 21இல் ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ என்ற மையத்தைத் தொடங்கி, இலவசத் துப்புரவுக் கருவிகளைக் கொடுத்துவருகிறது. 1991 முதல் சென்னையிலிருந்து இயங்கும் கே7 போன்ற நம் நாட்டு நிறுவனங்கள் அதில் பங்கெடுத்திருக்கின்றன. இதற்கும் அடங்கவில்லை என்றால், கோப்புகளை வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் ‘ரீசெட்’ செய்துவிடுங்கள். ஒரு பகல் முழுக்கப் போராடுவதைவிட அது மேல். கடைசியாக, வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். சுத்தமான இன்னொரு கருவியிலிருந்து மாற்றுவதுதான் முறை.

இவ்வளவு பாடும் தேவைப்படாத ஒரு தொல்லை உண்டு. இப்போது வீடுகளில் நான் அதிகம் காண்பது அதைத்தான். திரையின் வலது மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று சிவப்பு எழுத்தில் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். கணினியில் ஒரு வைரஸும் இருக்காது, ஆட்வேர்கூட நிறுவப்பட்டிருக்காது. எப்போதோ ஒரு சினிமா தளத்தில் ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கும், நாமும் அழுத்தியிருப்போம். அந்தத் தளத்துக்கு அறிவிப்பு அனுப்பும் உரிமையை அன்று கொடுத்துவிட்டோம். பிரவுசர் செட்டிங்ஸில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ பட்டியலைத் திறந்து, தெரியாத தளங்களை நீக்கினால் அந்த நிமிடமே நின்றுவிடும். இது தெரியாமல் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் விண்டோஸை மாற்றிப் போட்டுக் காசு கொடுத்து வருகிறார்கள். இன்னும் சிலர் திரையில் தெரியும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்துவிடுகிறார்கள். அது எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாத காரியம். இப்படிப் போலி எச்சரிக்கை காட்டி, மைக்ரோசாஃப்ட் உதவி மையம் என்று பேசி ஏமாற்றும் கும்பல்கள் நம் நாட்டிலிருந்தே இயங்குகின்றன. 2023 அக்டோபரில் சிபிஐ 76 இடங்களில் சோதனை போட்டபோது, மைக்ரோசாஃப்டும் அமேசானும் கொடுத்த புகார்களும் அதற்கு அடிப்படையாக இருந்தன.

வராமல் தடுப்பது நீக்குவதைவிடச் சுலபம். கொள்ளேகால் வீட்டின் முதல் தேவையையே எடுத்துக்கொள்வோம். தமிழ், கன்னடம் தட்டச்சுக்கு இனி எதையும் இறக்க வேண்டியதில்லை. 2019 மே மாத விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்தே, ‘அம்மா’வை ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும் ஒலியியல் விசைப்பலகை பத்து இந்திய மொழிகளுக்கு விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, தமிழும் கன்னடமும் அதில் உண்டு. மொழி அமைப்பில் போய்ச் சேர்த்துக்கொண்டால் போதும். அரசு வேலைக்கு ‘நுடி’ என்ற கன்னட மென்பொருளே வேண்டும் என்றால் அதிகாரபூர்வத் தளத்துக்குப் போங்கள். கர்நாடக நில ஆவணமான பஹணி எடுப்பதற்கும் அப்படித்தான். தமிழ்நாட்டுப் பட்டா, சிட்டாவுக்கும் அப்படித்தான். முகவரியின் முடிவில் ‘டாட் கவ் டாட் இன்’ இருக்கிறதா என்று பாருங்கள். தேடல் முடிவுகளின் உச்சியில் ‘ஸ்பான்சர்டு’ என்ற குறியோடு நிற்பவற்றைச் சொடுக்க வேண்டாம்.

எதை நிறுவினாலும் ‘கஸ்டம்’ வழியில் போய், முன்கூட்டியே டிக் போட்டிருப்பதை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ரெப்யூட்டேஷன் பேஸ்டு ப்ரொடெக்ஷன்’ என்ற பகுதியில், வேண்டாத ஆப்ஸைத் தடுக்கும் வசதி 2020இலிருந்து வீட்டுக் கணினிகளுக்கும் வந்திருக்கிறது. அது இயக்கத்தில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு வைத்துக் கொடுங்கள். விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன் ஒன்று போட்டுக்கொள்ளலாம். ஆனால், எக்ஸ்டென்ஷன்களை ஒருமுறை நம்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். ‘கிரேட் சஸ்பெண்டர்’ என்ற நல்ல எக்ஸ்டென்ஷன் 2020இல் வேறு கைக்கு விற்கப்பட்டது. கெட்ட நிரல் சேர்ந்ததாக 2021 பிப்ரவரியில் கூகுள் அதை முடக்கியது. போட்டவர்கள் எதையுமே மாற்றவில்லை. உரிமையாளர் மாறினார், அவ்வளவுதான்.

காசு கொடுக்க வேண்டிய மென்பொருளை ‘கிராக்’ போட்டு ஓட்டும் பழக்கத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். ‘முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்’ என்று சொல்கிற எதையும் வீட்டுக் கணினியில் ஓட்டக் கூடாது. லிப்ரே ஆபிஸ், விஎல்சி, 7-ஜிப் என்று நேர்மையான இலவசங்கள் அவற்றின் சொந்தத் தளங்களிலேயே கிடைக்கின்றன.

கைபேசியிலும் இதே கதைதான். 2019 ஜூலையில் செக் பாயிண்ட் அம்பலப்படுத்திய ‘ஏஜென்ட் ஸ்மித்’ என்ற ஆட்வேர், வாட்ஸ்அப் போன்ற செயலிகளின் இடத்தில் விளம்பரம் காட்டும் போலியை வைத்தது. பாதிக்கப்பட்ட 2.5 கோடி ஆண்ட்ராய்டு கருவிகளில் 1.5 கோடி இந்தியாவில். ‘9ஆப்ஸ்’ என்ற வெளிக்கடை வழியாகத்தான் அது பரவியது. பிளே ஸ்டோரைத் தாண்டிப் போகாதீர்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. கணினியின் இயல்பான இயக்கத்தைத் தன்வசப்படுத்தும் நிரலை, உரிமையாளர் அனுமதியின்றி நுழைப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வருகிறது. மோசடி நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 நவம்பர் 30இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 ஏமாற்று வடிவமைப்புகளின் பட்டியலில், வைரஸ் இருப்பதாகப் பொய்யாகப் பயமுறுத்திக் காசு பறிப்பதும் இருக்கிறது. ஆனால், புகார் வந்தால்தான் சட்டம் நகரும். இப்படி ஒரு பொய் எச்சரிக்கை உங்கள் வீட்டுத் திரையில் வந்தால், மூடுவதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. பணம் போய்விட்டது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930ஐ அழையுங்கள்.